சொக்கம்மாளின் தனி இலை

பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா மகளின் கல்யாணத்தைப் பற்றி ஒரு மாதமாக சொக்கம்மாள் ராயபுரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். பெற்றவளே அவ்வளவு பேசவில்லை. குழாயடியானாலும் ரேஷன் கடை வரிசையானாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும். "மத்தவங்கல்லாம் ஒரே தட்டுல கும்பலா குந்திகினு துன்னுவாங்க. அந்த வூட்ல எனுக்கு மட்டும் தனி எலை," என்று சொல்லி முடித்தால்தான் குடத்தைத் தூக்குவாள்.

பொய் இல்லை. கீழக்கரையிலிருந்து வந்து லுங்கி வியாபாரம் செய்கிற ரஹீமுன்னிசாவின் புருஷன் கமாலுதீன் வீட்டில் விசேஷம் என்றால், பெண்கள் ஐந்தைந்து பேராகச் சுற்றி உட்கார்ந்து, சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற லட்சுமணனின் பெண்டாட்டி சொக்கம்மாளுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு வாழையிலை விழும். பத்து வருஷமாக அப்படித்தான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, அடுத்தடுத்த வீட்டில் ஓடாமல் இருந்துவிட்ட இரண்டு பெண்களுக்குள் உண்டான சிநேகிதம் அது.

அதில் மண்ணைப் போட வந்து சேர்ந்தாள் தங்கபுஷ்பம். திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரி, கிறிஸ்தவள். புருஷன் வேதமாணிக்கத்துக்குக் கருப்பட்டி மண்டி. தெருவுக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் கொல்லைக் கதவு வழியாக ரஹீமுன்னிசாவின் அடுப்பங்கரைக்கே போய் வரத் தொடங்கிவிட்டாள். கருப்பட்டிக் காப்பியைக் கொடுத்து மயக்கிவிட்டாள் என்று சொக்கம்மாள் புருஷனிடம் பொருமினாள். காப்பி நன்றாக இருந்தால் நீயும் போய் ஒரு டம்ளர் வாங்கிக் குடியேன் என்றான் லட்சுமணன். அன்றைக்கு அவன் குழம்பில் உப்பு இல்லை.

கல்யாணத்தன்று சொக்கம்மாள் அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். அந்தக் கருப்பட்டிக்காரிக்கும் தனி இலை போடுகிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். போட்டால் சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுவது என்று முடிவே கட்டியிருந்தாள்.

போடவில்லை. ரஹீமுன்னிசா தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து இழுத்து, தன் சஹனிலேயே தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அவளும் கூச்சநாச்சம் இல்லாமல் நெய்ச்சோற்றில் கையை விட்டாள். ரஹீமுன்னிசா நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினாள். அவள் அதைத் திருப்பி இவள் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சொக்கம்மாள் தன் இலையைப் பார்த்தாள். தாம்பாளத்துக்கும் அதற்கும் ஒரு கை தூரம். பத்து வருஷமாகப் பெருமையாக இருந்த அதே இலை, இன்றைக்கு வாசலில் வந்து நின்றவளுக்குப் போட்டது மாதிரி இருந்தது.

"ஏன் ரஹீமா, நேத்து வந்தவ உன் தட்டுல கை வெக்கிறா. பத்து வர்ஷமா நான் இன்னாத்துக்கு ஓரமா குந்திகினு கீறேன்?"

சுற்றியிருந்த பெண்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ரஹீமுன்னிசாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"நீதானே சொன்னே? மூத்தவன் சுன்னத்துக்கு உன்னையும் இப்படித்தான் கையைப் புடிச்சு இழுத்தேன். எச்சி கலந்து சாப்புடுறது எங்க சாதியிலே இல்லே, எனக்குக் கொமட்டும்னு சொன்னே. அன்னையிலேருந்துதான் உனக்கு எலை."

சொன்னாளா? சொன்னாள். சொன்ன இடம்கூட ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அன்றே மறந்துவிட்டாள். கேட்டவள் கோபிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

சொக்கம்மாள் விருட்டென்று எழுந்தாள். தங்கபுஷ்பத்தைத் தள்ளி உட்காரச் சொல்லி நடுவில் புகுந்துகொண்டாள். கை தாம்பாளத்தின் விளிம்பு வரைக்கும் போயிற்று. ஐந்து பேர் பிசைந்த சோறு. கை அங்கேயே நின்றுவிட்டது. மனசு போ போ என்கிறது, விரல் நகர மாட்டேன் என்கிறது. தங்கபுஷ்பம் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நல்ல குணம் வேறு எரிச்சலைக் கிளப்பியது. தன்னிடம் இல்லாத எது இவளிடம் இருக்கிறது என்று ஆறு மாதமாகக் குமைந்தவளுக்கு இப்போது தெரிந்தது. இவள் கை கூசவில்லை, அவ்வளவுதான். சொக்கம்மாளுக்கு அழுகை வந்தது.

ரஹீமுன்னிசா ஓரத்தில் இன்னும் காலியாகக் கிடந்த அந்த இலையை இழுத்து அவள் முன்னால் போட்டாள். அவசரத்தில் கரண்டியைத் தேடாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையாலேயே தாம்பாளத்திலிருந்து சோற்றையும் கறியையும் அள்ளி வைத்தாள். வைத்த பிறகுதான் தன் கையைக் கவனித்தாள்.

"எச்சிக் கையாலே வச்சுட்டேனே. இரு சொக்கு, வேற எலை கொண்டாரச் சொல்றேன்."

சொக்கம்மாள் இலையின் மேல் கையைக் கவிழ்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். முதல் கவளத்தைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது கொஞ்சம் சுலபமாக இறங்கிற்று. இலை காலியானதும் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். தங்கபுஷ்பத்தின் முகத்தை நேராகப் பார்த்தபடி, அடுத்த சஹனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இன்னொரு வாட்டி போடு ரஹீமா. கரண்டி வாணாம்."