முப்பத்தோராவது கணினி

ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். குளித்தேன். சுருக்கம் போக ஒரு சட்டையை மினுக்கினேன். சந்திக் கடையில் பாணும் பருப்பும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். லிங்கநகரிலிருந்து துறைமுகத்துக்கு மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடம். வழியில் மான்கள் குப்பை வாளியைக் கவிழ்த்துவிட்டு நடுத்தெருவில் நின்றன. ஹோன் அடித்தேன். நகரவில்லை. சுற்றிப் போனேன். ஏழு பத்துக்கு விரல் அடையாளம் வைத்து உள்ளே போனேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு முன் இன்னும் ஒரு கணினியை முடிக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அன்ஸார் அழைத்தார். கம்பனியின் கணினிப் பாதுகாப்பு அவருடைய பொறுப்பு. திருகோணமலைக் கிளையின் முப்பத்தொரு கணினிகள் என்னுடைய பொறுப்பு.

"யதுர்ஷன், உங்கட மெஷினெல்லாம் கடைசியா எப்ப அப்டேட் எடுத்தது?"

"போன ஞாயிறு."

"மார்ச் மாசத்தில. ரிப்போர்ட்டைத் திரும்பப் பாருங்க."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. தொடர்பில் இல்லாத கணினியை அந்த அறிக்கை குறையாகக் காட்டாது, கணக்கிலிருந்தே விட்டுவிடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு நான் மூடிவிட்டேன்.

காரணம் எளிது. அப்டேட் எல்லாவற்றையும் ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு ஒதுக்கியிருந்தேன். பகலில் யாருடைய வேலையையும் குழப்பக்கூடாது என்றும் கட்டளை வைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்திலோ பிளக்கை அணைக்காமல் வீட்டுக்குப் போகிறவர் எவரும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் இடியில் நான்கு கணினிகள் கருகின. அதன் பிறகு, வேலை முடிந்ததும் பிளக்கை அணைக்கவும், இடி முழங்கினால் மெயின் சுவிட்சையும் அணைக்கவும் என்று எழுதி ஒட்டியவன் நான்தான்.

அதற்கு முன்பெல்லாம் நானே ஒவ்வொரு கணினியாகப் போய் நின்று அப்டேட் போடுவேன். மார்ச் மாதம் அதை நிறுத்தினேன். பிரசாந்தி இறந்த மாதம் அது. என் மனைவி. டெங்கு, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். அந்த நேரம் நான் இங்கே ஒரு கணினியின் முன் நின்றுகொண்டிருந்தேன். பிறகு நிற்கப் பிடிக்கவில்லை.

"இன்னொரு கிளையில இதே ஓட்டையால வந்து எல்லா ஃபைலையும் பூட்டிட்டாங்க," என்றார் அன்ஸார். "வெள்ளி ரெண்டு மணிக்கு முப்பத்தொண்டும் முடியாட்டி உங்கட கிளையை நெட்வேர்க்கில இருந்து வெட்டுவன். கோவிக்காதீங்க."

வெட்டினால் லொறிகள் போகாது. உரக் கப்பல் வியாழக்கிழமை வரவிருந்தது. லொறியின் நிறுவைத் துண்டு தலைமை அலுவலகத்துக்குப் போய் அனுமதி வந்தால்தான் வாயிற்கதவு திறக்கும். மூதூரிலும் கிண்ணியாவிலும் விதைப்புத் தொடங்கிவிட்டது. உரம் இரண்டு நாள் பிந்தினால் யாருக்கும் நான் பதில் சொல்ல முடியாது.

புதனும் வியாழனும் முப்பது கணினிகளை முடித்தேன். ஒவ்வொன்றின் முன்னும் நின்றேன். மிச்சம் லொறி நிறுக்கும் அறையிலிருந்த கணினி. அதை நடத்துகிறவர் சித்தி பரீதா, கிண்ணியாக்காரர். அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுவேன்.

"மெஷினைத் தர ஏலா தம்பி," என்றார், நான் கதவைத் தாண்டுவதற்கு முன்பே.

"ராத்தா, ஒரு மணித்தியாலம்."

"முந்தி ஒருக்கா அஞ்சு நிமிஷம் எண்டுதானே சொன்னீங்க? நாலு மணித்தியாலம். லொறி சீனக்குடாச் சந்தி மட்டும் நிண்டது. றைவர்மார் ஏசினது உங்களையா? என்னை. எனக்குத் தெரியாத வார்த்தையெல்லாம் அண்டுதான் படிச்சன்."

"இண்டைக்கு விட்டா ரெண்டு மணிக்கு எல்லாம் நிக்கும். அந்த வார்த்தையெல்லாத்தையும் திரும்பக் கேப்பீங்கள்."

அவர் வெளியே பார்த்தார். பதினாறு லொறிகள் வரிசையில் நின்றன.

"ஜும்ஆத் தொழுகைக்குப் போவாங்க," என்றார். "பன்னெண்டே காலில இருந்து ஒண்டரை மட்டும் நிறுவைத் தட்டில ஒரு லொறியும் ஏறாது. மத்தவங்களும் சோத்துக்குப் போயிருவாங்க. அந்த நேரம் எடுங்க. ஒண்டரைக்கு எனக்கு இலக்கம் தெரிய வேணும்."

பன்னிரண்டு பதினேழுக்குத் தொடங்கினேன். திரை நீலமானது. அணைக்க வேண்டாம் என்றது. பரீதா ராத்தா மூலையில் பாயை விரித்து லுஹர் தொழுதார். முடித்துவிட்டுக் கதிரையைத் திருப்பிப் போட்டு என்னோடு திரையைப் பார்த்தார்.

"உங்கட மெஷினுக்கும் சேத்து துஆக் கேட்டன். அதுக்குக் காசு வேணாம்."

திரையில் இருபத்தெட்டு வீதம் முடிந்திருந்தது.

"தம்பி, கேட்டா கோவிக்கப்படாது," என்றார். "கடைசியா உங்கட மனிசி உங்களை நல்லாப் பாத்துக்கொள்ளச் சொன்னாவாம் எண்டு உங்கட மாமி இங்க வந்த நேரம் சொல்லி அழுதா. அப்பிடியா சொன்னா?"

மாமி, பிரசாந்தியின் அம்மா, எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறார்.

முப்பத்தைந்து வீதத்தில் முதல் இடி விழுந்தது. மழை தகரத்தில் கொட்டியது. அறையின் பின்பக்கச் சுவரில்தான் மெயின் சுவிட்ச். எழுந்து போய் அதன் முன்னால் நின்றேன். சரியாக அந்த நேரம் காவலாளி தம்பையா அண்ணை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"சேர், தள்ளுங்கோ. இடி."

"அணைக்காதேங்கோ அண்ணை."

"நீங்கள்தானே எழுதி ஒட்டினீங்கள்?"

"ஓம். இண்டைக்கு வேண்டாம். பாதியில நிண்டா இந்த மெஷின் எழும்பாது."

"இடி விழுந்தாலும் எழும்பாது," என்றார் அவர். "அப்ப என்னைத்தான் கேப்பினம், ஏன் தம்பையா நிப்பாட்டேல்லை எண்டு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. மின்கல யூ.பி.எஸ். செத்து ஆறு மாதம். புதியது கேட்டு நான் எழுதவே இல்லை. இடி விழலாம், விழாமலும் போகலாம். சுவிட்சை அணைத்தால் கணினி போவது நிச்சயம். நான் விலகவில்லை.

"அப்ப எழுதித் தாங்கோ," என்றார்.

நிறுவைத் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்: மெயின் சுவிட்சை அணைக்க விடாதவன் நான். யதுர்ஷன். நேரமும் போட்டேன். அவர் வாசித்தார். நனையாத பையைத் தேடி மடித்து வைத்தார். பிறகு போகாமல் என் பக்கத்திலேயே நின்றார்.

"போங்கோ அண்ணை, இஞ்ச நிண்டா ஆபத்து."

"கடுதாசிதான் இருக்கே," என்றார்.

பரீதா ராத்தா சிரித்தார். அடுத்த இடியில் விளக்கு ஒருமுறை மங்கியது. மூவரும் திரையைப் பார்த்தோம். அறுபத்தொன்று. அதே இடத்தில் ஒன்பது நிமிடம் நின்றது. கையைச் சுவிட்சுப் பெட்டியின் மேல் வைத்தபடியே நின்றேன். முன்பும் திரை அந்த இலக்கத்தில் நின்றபோதுதான் பிரசாந்தியோடு பேசினேன். அதை நினைத்தேன். நகரவில்லை.

ஒன்று இருபத்தைந்துக்கு மழை குறைந்தது. திரை கறுத்தது. ஒன்றரைக்கு லொறிகள் திரும்பின. ஒருவர் ஹோன் அடித்தார், பிறகு எல்லோரும் அடித்தார்கள். பரீதா ராத்தா ஜன்னலைத் திறந்தார்.

"அடியுங்க, நல்லா அடியுங்க! அடிச்சா கொம்பியூட்டர் பயந்து எழும்பும்!"

ஒன்று நாற்பத்திரண்டுக்கு எழும்பியது. நிறுவை மென்பொருளைத் திறந்தேன். தட்டில் லொறி ஏறி நின்றது. இலக்கம் வரவில்லை. வெறும் கோடுகள்.

"தம்பி."

"தெரியும்."

முன்பு நான்கு மணித்தியாலத்தைத் தின்றதும் இதுதான். அப்டேட்டுக்குப் பிறகு தராசின் வயருக்குக் கணினி வேறு இலக்கம் கொடுத்துவிடும். அன்று எனக்கு அது தெரியாது. மூன்றை அழித்து ஐந்து போட்டேன். இல்லை. ஆறு போட்டேன்.

18,460 கிலோ.

பரீதா ராத்தா துண்டை அச்சடித்தார். ஒன்று ஐம்பத்தொன்றுக்கு அன்ஸார் அழைத்தார்.

"முப்பத்தொண்டும் வந்திட்டுது. வெட்டேல்லை."

"சரி. இனி ஞாயிறு இரவு வேண்டாம். வெள்ளி ஜும்ஆ நேரம் போடுறன். நானே நிண்டு."

"ஒவ்வொரு கிழமையுமா?"

"ஓம்."

யூ.பி.எஸ்ஸுக்கான கடிதத்தை அந்த மேசையிலேயே எழுதினேன். தம்பையா அண்ணை வாயிற்கதவைத் திறக்கப் போனார். நான்காவது லொறி இறங்கிப் போனபோது சொன்னேன்.

"ராத்தா, மாமி சொல்லுறது சரியில்லை. கடைசி நேரம் மாமி மருந்து வாங்க வெளியில போயிருந்தவ."

பரீதா ராத்தா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார்.

"நான் இஞ்ச இருந்து பிரசாந்திக்குப் போன் எடுத்தனான். அறுபத்தொண்டில நிக்குது, விட்டிட்டு வரட்டோ எண்டு கேட்டனான். குரல் நல்லாத்தான் இருந்தது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியால போன் எடுத்தவை, அவ போயிட்டா எண்டு."

"என்ன சொன்னா?"

"'முடிச்சிட்டே வாங்கோ. பாதியில விட்டிட்டு வந்தா, இஞ்ச கட்டில்ல இருந்துகொண்டும் அதைத்தான் கதைப்பீங்கள்.'"