அண்ணன் வைக்கவேண்டிய கல்

லீவு என்பது நித்திரை கொள்வதற்கு என்றுதான் தர்ஷிகா நினைத்திருந்தாள். தலைக்கவசமும் கனத்த அங்கியும் போட்டுக்கொண்டு, மன்னார் வெயிலில் முழங்காலில் நின்று, மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் மிதிவெடி எடுக்கிறவளுக்கு வேறென்ன பெரிய ஆசை இருக்கப்போகிறது? ஆனால் கெஞ்சி வாங்கிய ஒரு கிழமை லீவும், ஏழு நாளும், அண்ணன் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியின் பின்சீற்றில் போய்க்கொண்டிருந்தது. கோல்ஃப் மட்டைப் பைகளுக்கு நடுவில் அவளும் ஒரு பையாகக் குலுங்கிக்கொண்டு கிடந்தாள்.

அண்ணன் ஜெகதீபன் ரொறன்ரோவிலிருந்து இரண்டு கூட்டாளிமாரோடு வந்திருந்தான். அங்கே இப்போது பனி மூடிவிட்டதாம், பந்தடிக்க வழியில்லையாம். அதனால் காசு கட்டினால் எவரும் விளையாடக்கூடிய, பார்க்கவும் வடிவான மைதானங்களாகத் தேடிப் பிடித்து ஒரு சுற்றுலா. திருகோணமலையில் கடலைப் பார்த்து அடித்தார்கள். நுவரெலியாவில் குளிரில் நடுங்கி நடுங்கி அடித்தார்கள். ஒரு பந்தை அடித்துவிட்டு, அதன் பின்னாலேயே நடந்துபோய்த் திரும்பவும் அடிப்பதற்கு இவ்வளவு எடுப்பும் செலவுமா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்லுவார்கள், அதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் தெம்பு வேண்டுமே.

அவள் கூடவே வந்ததற்குக் காரணம் அம்மா மார்த்தா. போன தடவையும் அண்ணன் இப்படித்தான். "கடைசி நாள் வீட்டை வாறன்" என்று சொல்லிவிட்டு நேரே விமானம் ஏறிவிட்டான். இந்தத் தடவை அப்படி விடமுடியாது. விடத்தல்தீவுப் பக்கம் அவர்களுடைய சொந்தக் காணியான வளவில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. முதற்கல்லை மூத்த ஆண்பிள்ளைதான் வைக்கவேண்டும், வேறு ஆள் வைத்தால் வீடு நிலைக்காது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். ஊரார் காணியில் தகரக் கொட்டிலுக்குள் வெந்துகொண்டிருந்தாலும் அந்தப் பிடி மட்டும் தளரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து கல்லை மந்திரிப்பதாகப் பாதரும் சொல்லியிருந்தார்.

"பக்கத்திலயே இருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வா" என்றாள் அம்மா. சண்டை முடிந்து மீளக் குடியேற வந்த புதிதில், கிணற்றை ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அப்பா அந்த வளவில்தான் மிதிவெடியில் போனார். செத்தவீட்டுக்கும் அண்ணன் வரவில்லை. கனடாவிலிருந்து போனில் அழுதான். கல் வைக்கவாவது வரவேண்டும் என்று அம்மா நினைத்ததில் பிழையில்லை.

கடைசி மைதானம் மலைநாட்டில், திகணையில். கீழே நீர்த்தேக்கம், சுற்றிவர மலை, எல்லாம் கலண்டர் படம்போல இருந்தது. தர்ஷிகா ஒரு மரநிழலில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். 'டக்' என்ற சத்தத்தில் விழித்தபோது பந்து வலப்பக்கப் பற்றைச் செடிகளுக்குள் போய்விட்டிருந்தது. அண்ணன் அதைத் தேடி, வாயைக் குவித்துச் சீக்கை அடித்துக்கொண்டு நடந்தான். பற்றையோரமாக வரிசையாகச் சிவப்புக் கட்டைகள் நாட்டியிருந்தார்கள். அவன் ஒரு கட்டையைத் தாண்டிக் காலை வைத்தான்.

"அண்ணா! நில்லுங்கோ! அசையாதேங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் மலையே திரும்பிப் பார்த்திருக்கும். விழுந்தடித்து ஓடிப்போய்க் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றாள். "வந்த அடியிலயே காலை வைச்சுத் திரும்பி வாங்கோ. மெதுவா."

அவன் ஒரு கணம் விறைத்துப்போய் நின்றான். பிறகு சிரித்தான். "எடியே, தண்ணிப் பக்கம் எண்டு காட்டுறதுக்கு நாட்டின கட்டை இது. இதுக்குள்ள பந்து போனா ஒரு அடி கூடும். அவ்வளவுதான்."

கூட்டாளிமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மரியாதைக்கு அவளும் சிரித்தாள். அவள் வேலை செய்கிற இடங்களில் சிவப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் வெடி எடுக்காத நிலம், ஒருவரும் கால் வைப்பதில்லை. திகணையில் மிதிவெடி இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் அண்ணன் கட்டைக்கு இந்தப் பக்கம் வரும்வரை அவன் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

"உனக்கு இந்த வேலை காணும் தர்ஷி. விட்டிடு" என்றான் அண்ணன்.

"வீடு எழும்பட்டும், விடுறன். ஞாயிறு வருவீங்கள்தானே?"

"ஓம். வாறன் எண்டு சொன்னனான்தானே."

சொன்னபடியே வந்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு காலை வான் வளவுக்கு முன்னால் வந்து நின்றபோது அம்மா நல்ல சீலை உடுத்தி உள்ளே அத்திவாரக் குழியடியில் காத்திருந்தாள். பாதர் வேலிப் படலையடியில் வைத்தே கல்லை மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, அண்ணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தர்ஷிகாவும் போனாள். அண்ணன் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அவன் கல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு றோட்டில் நின்றான். கண் நிலத்திலேயே இருந்தது. முகமெல்லாம் வேர்த்து வழிந்தது.

"வாங்கோ அண்ணா."

"ஏலாமக் கிடக்கு தர்ஷி."

"இது நான் வெடி எடுத்துத் துப்புரவாக்கின நிலம் அண்ணா. வேலையில சேர்மாரிட்டக் கேட்டு வாங்கி, ஒரு சாண் விடாம முழங்கால்ல நிண்டு நான் எடுத்தனான்."

"தெரியும். உன்னை நம்புறன். கால் வருகுதில்லை."

வலக்காலைத் தூக்கினான். அது அந்தரத்தில் ஆடிவிட்டு றோட்டிலேயே திரும்ப இறங்கியது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இதற்கா ஒரு கிழமை வானுக்குள் கிடந்து உலைந்தாள்? பாதர் செபப் புத்தகத்தை மூடிக்கொண்டார்.

அம்மா மகனின் காலைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து படலைக்கு வந்தாள்.

"அதை அவளிட்டக் குடு தம்பி. மூத்தவன் தொட்டது காணும், அதுவே போதும்."

அவன் கல்லில் வாயை வைத்துக் கொஞ்சிவிட்டுப் படலைக்கு மேலால் நீட்டினான். தர்ஷிகா வாங்கினாள். நல்ல பாரம். குழியடியில் முழங்காலில் இருந்து, மேசன் காட்டிய மூலையில் அதை வைத்தாள். பாதர் செபத்தைத் தொடங்கினார்.

செபம் முடிந்தும் அவளுக்கு எழும்ப மனம் வரவில்லை. வீடு எழும்பிவிடும். அண்ணன் ஒருநாளும் அதற்குள் வரப்போவதில்லை.