முகத்துக்குக் கீழே ஒரு பெயர்

1

ஒரு படத்தின் அடியில் இருந்த பொடி எழுத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுதிப் பார்த்த முதல் வரி: 'மழை விட்டிருந்தது. சுவரெங்கும் பச்சை...' [வேண்டாம். மழையில் தொடங்கிய கதைகளே இன்னும் காயவில்லை.]

இரண்டாவது வரி: தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, ஓய்வு நேரத்தில் பாசிகளைப் பற்றி ஓர் இணையதளம் நடத்தினாள். [சரி, நடக்கட்டும்.]

2

தளத்துக்கு வேண்டிய படங்களை, யாரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்டவற்றிலிருந்து தேடிப் போடுவாள். எடுத்தவர் பெயர், உரிமத்தின் சுட்டி, 'ஓரம் வெட்டப்பட்டது' என்ற குறிப்பு, எதுவும் விடுபடாது. (பெயர் ஒட்டாத புட்டியைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது.)

முகப்புப் படத்தில் ஒரு பெண் ஈரச் சுவரருகே குனிந்து, பூதக்கண்ணாடியில் பாசியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அந்தப் பெண்ணே ஒருநாள் கூடத்தின் புதிய மேற்பார்வையாளராக வந்தார். [தற்செயல் கொஞ்சம் அதிகம்தான். வேறு வழி தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.]

3

"பாசிப் பொண்ணு நீதானா? வாசல்லயே என்னை மாட்டி வச்சிருக்க."

"எடுத்துடட்டுமா மேடம்?"

"எதுக்கு? நான் பாக்கற மாதிரி இருக்கறதே அந்த ஒரு படத்துலதான். கீழ இருக்கிற பேரை மட்டும் எடு."

"அது படம் எடுத்தவர் பேரு. போட்டே ஆகணும் மேடம்."

"எடுத்தவர் யாருன்னு எனக்குத் தெரியாதா? கட்டிக்கிட்டவ நான். பிரிஞ்சப்புறம் பேங்க், பாஸ்போர்ட்னு அலைஞ்சு, என் பேரோட ஒட்டிக்கிட்டிருந்த அந்தாளு பேரை அழிச்சு முடிச்சேன். நீ என்னடான்னா என் மூஞ்சிக்குக் கீழயே எழுதி வச்சிருக்க."

"அவர்தான் பொதுவுல விட்டிருக்காரு..."

"ஆமா, என்னை ஒரு வார்த்தை கேக்காம ஊருக்கே தாரை வார்த்தாச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் இவள் ஒரு மன்னிப்போடு தப்பித்திருப்பாள்.

4

பெயரை எடுத்துவிட்டாள் என்று எழுதினேன். நம்ப முடியவில்லை; அது உரிமத்தை மீறுவது, இவள் செய்யமாட்டாள்.

படத்தில் மேடத்தை வெட்டிவிட்டுச் சுவரை மட்டும் வைக்கலாம். வெட்ட அனுமதி உண்டு. ஆனால் மனைவி போய்விடுவார், கணவர் பெயர் நிற்கும்.

படம் எடுத்தவருக்கே எழுதி, பெயர் வேண்டாமென்று சொல்ல வைத்தால்? அதைக் கேட்ட மேடம்,

"அந்தாளுகிட்ட என் மூஞ்சியைக் கடன் கேக்கப் போறியா?"

அந்த முடிவும் அதோடு [வெட்டப்பட்டது]

5

மறுநாள் முகப்பு காலியாக இருந்தது.

"என்னைத் தூக்கிட்டியா?"

"ரெண்டு பேரையும் தூக்கிட்டேன் மேடம்."

மேடம் அந்தக் காலி முகப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு, "நீயே ஒண்ணு எடேன்."

"எனக்குக் கை ஆடும்."

"எனக்கு இப்பல்லாம் சிரிப்பு வராது. ஜாடிக்கேத்த மூடி, வா."

கட்டடத்தின் பின்னால், தொட்டி கசியும் சுவரருகே மேடம் குனிந்தார். இவள் செல்போனை உயர்த்தினாள்.

படம் எப்படி வந்தது, மேடத்துக்குப் பிடித்ததா என்று நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையையும் அந்தப் படத்தைப் போலவே பொதுவில் விடுகிறேன். ஓரம் வெட்டுங்கள், முடிவு சேருங்கள், மாற்றியதை மட்டும் குறிப்பிடுங்கள். என் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மேடத்தைச் சிரிக்க வைப்பதானால், முதலில் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த உரிமத்திலும் அப்படி ஒரு நிபந்தனையை நான் பார்த்ததில்லை. சும்மா கேட்கிறேன்.