கழுத்து வரைக்கும்

பசறையில் பெட்ரோல் அடித்துவிட்டு மடுல்சீமைக்கு ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் சிவஞானத்தின் கார் மறுபடியும் நின்றது. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட வளைவில் ஒதுங்கி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்ததுதான் தாமதம், இரண்டு தடவை இருமிவிட்டு இஞ்சின் அடங்கிவிட்டது. சாவியைத் திருகத் திருகப் பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. பின்சீட்டில் ஒன்பது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் கலாராணி உட்கார்ந்திருந்தாள். கிளினிக்குக்குப் போய்த் திரும்பும் வழி. வெள்ளிக்கிழமை காலையில் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கொஞ்ச நேரம் ஆறப் போட்டபின் கார் கிளம்பியது. அதற்குப் பிறகுதான் கலாராணி மெதுவாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு வேற வண்டி சொல்லிருவோமாப்பா?"

அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதியாவது சிவஞானத்தின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்திருக்கும். மருமகன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது அவரை நம்பித்தான் அவளை விட்டுப் போனான். பெற்ற மகளுக்கு இன்னொருவன் வண்டியா? கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்பதால் அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

மூன்று மாதமாக இதே கூத்து. பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்பைக் கழற்றிக் கழுவியாயிற்று. கண்ணூறு என்று ஒருவர் சொல்ல, முன்பக்கம் எலுமிச்சம்பழமும் கட்டிப் பார்த்தார். பழம் காய்ந்ததுதான் மிச்சம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பசறையில் மெக்கானிக் ஹிஷாம் நானாவின் கராஜுக்கே கொண்டு போனார். ஹிஷாம் பானட்டைத் திறக்காமல் காரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எப்ப நிக்கிது?"

"நெனச்சப்ப நிக்குது நானா."

"வண்டி நெனைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

சிவஞானம் யோசித்தார். சந்தைக்குப் போன நாளில் நிற்கவில்லை. கோயிலுக்குப் போன நாளிலும் இல்லை. "பெட்ரோல் அடிச்சிட்டு ஏறுற அன்னிக்குத்தான்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹிஷாம் இஞ்சினை ஓடவிட்டார். அது குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறிக்கொண்டு ஓடியது. விரல் தடிமனில் போன ஒரு ரப்பர் குழாயைக் குறட்டால் நெரித்தார். உதறல் சட்டென்று நின்றது. விட்டார், மறுபடி உதறியது. மூன்று தரம் அப்படிச் செய்து காட்டினார். பிறகு காரடியில் படுத்து, டேங்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றிச் சரித்தார். பெட்ரோல் நூலாக மண்ணில் ஒழுகியது.

"இதுக்குள்ள கரிதான். டேங்கில எழும்புற ஆவியப் புடிச்சு வெச்சு, இஞ்சினுக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கும். ஆவி மட்டுந்தான் வரணும். பெட்ரோல் இரிக்கிற எடமில்ல இது. கரித்தூள் போயிச் சிக்கி வால்வும் மூடாமக் கெடக்குது. வண்டி மெதுவானா இஞ்சினுக்கு மூச்சு முட்டுது." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பம்பு தானா நின்ன பொறகும் அடிக்கிறீங்களா?"

சிவஞானம் தலையைக் குனிந்துகொண்டார்.

அடிப்பதுதான். பம்பு நின்றதும் கூரையில் கைவைத்துக் காரை ஆட்டுவார். உள்ளே காற்று குமிழிட்டு வெளியேறும். இன்னும் அடிக்கச் சொல்வார். டேங்கின் வாய்க்கழுத்தில் பெட்ரோல் பளபளப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் மூடியைப் போடவிடுவார். நாலு வருஷத்துப் பழக்கம்.

நாடு முழுக்கப் பெட்ரோல் இல்லாத அந்த வருஷம், இரண்டு நாள் வரிசையில் நின்று வெறுங்கையோடு அவர் வீட்டுக்கு வந்த மறுநாள்தான் மனைவி இராக்கம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. பெட்ரோல் காட்டும் ஊசி அடியில் கிடந்தது. இருந்த சொட்டையும் மிச்சம் பிடிக்க, இறக்கமெல்லாம் இஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டே அவளைக் கொண்டுவந்தார். பசறையைத் தாண்டி, பதுளைக்கு ஏற்றம் தொடங்குகிற இடத்தில், ஒரு கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் கார் நின்றது. பாதையில் ஈ காக்கை இல்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடிப்பு அவர் கைக்குள்ளேயேதான் நின்றது.

ஹிஷாமுக்கும் அது தெரியும். பசறையில் தெரியாதவர் யார்?

"வேற பெட்டி தேடிப் போட்டுத் தாறேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆனா டேங்கில மேல கொஞ்சம் எடம் வேணும். பம்பு நின்னா நீங்களும் நிப்பாட்டிடுங்க. இல்லாட்டி இதுவும் ஊறிப் போயிரும்."

வெள்ளிக்கிழமை காலையில், ஹிஷாம் வேறு பெட்டி போட்டுத் தந்த காரைப் பசறைப் பெட்ரோல் செட்டில் நிறுத்தினார். பம்பு 'டக்'கென்று நின்றது. பம்படியில் நின்றவருக்கு இவரைத் தெரியும். குழாயை எடுக்காமல், ஆட்டட்டும் என்று காத்திருந்தார். சிவஞானத்தின் கை தானாகவே கூரைக்குப் போய்விட்டது. தகரம் குளிர்ந்திருந்தது. ஒரே ஒரு ஆட்டு. இன்னும் ஒரு லீட்டராவது இறங்கும். ஒரு லீட்டர் இருந்திருந்தால் அன்றைக்கு இராக்கம்மா பதுளைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். கண்ணாடிக்குள்ளிருந்து கலாராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்" என்றார். மூடியைத் தானே வாங்கிப் போட்டார்.

பசறையைத் தாண்டி, பதுளைக்கான ஏற்றம் தொடங்கியது. கலாராணி திடீரென்று முன்சீட்டைப் பற்றினாள்.

"அப்பா, நிப்பாட்டுங்க. வலிக்குது. கொஞ்சம் நின்னு போவோம்."

"இங்கயா?"

"முடியலப்பா."

பிரேக்கை மிதித்தார். அவள் இறங்கி, குனிந்து, கையை ஊன்ற எதையோ தேடினாள். ஊன்றிய பிறகுதான் அவர் பார்த்தார், அந்தக் கிலோமீட்டர் கல். அவளுக்கு அது வெறும் கல். எந்த இடம் என்று அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

இஞ்சினை அணைக்கவில்லை. ஓடிவந்து ஒரு கையால் மகளின் முதுகைத் தாங்கிக்கொண்டார். போன வாரம்வரை காலை எடுத்தாலே நின்றுபோன வண்டி. காது முழுவதும் அதன்மேல்தான் இருந்தது. மறு கையை நீட்டி, சூடேறிய பானட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். தகரத்துக்கடியில் சின்னதாக, சீராக அதிர்ந்துகொண்டிருந்தது.

"போவோம்ப்பா" என்றாள், மூச்சு வாங்க.

"ஆமா, போவோம்."

அவர் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் அது துடித்துக்கொண்டேயிருந்தது.