அடுத்த தீமிதி வரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, தீமிதி முடிந்த மறுநாள், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் மாரியம்மன் கோயிலில் கூட்டம் நடந்தது. கோயில் கமிட்டியின் செயலாளர் நான். கூட்டப் புத்தகத்தில் அன்று நான் எழுதிய வரி இது: “ஆண்டியப்பன் குடும்பத்தாரோடு லயத்தார் யாரும் பேச்சு, தண்ணீர், நல்லது, கெட்டது எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த தீமிதி முடியும் வரை.”

ஒரு வருடம் என்று எழுதியிருக்கலாம், தேதி போட்டிருக்கலாம். கோயில் தீர்ப்புக்குக் கோயில் கணக்கே பொருத்தம் என்று நினைத்துவிட்டேன்.

ஆண்டியப்பன் செய்த குற்றம் இதுதான். உர ஸ்டோரில் மூட்டைகள் குறைந்தபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். செல்லையா கங்காணியின் மகன் தூக்கிப் போனதைப் பார்த்தேன் என்று அவர் சொல்லிவிட்டார். மகனுக்கு வேலை போயிற்று. கமிட்டித் தலைவர் செல்லையா கங்காணிதான். “பார்த்தது தப்பில்ல, வெள்ளக்காரன்கிட்ட போயி சொன்னதுதான் தப்பு” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான்.

மறுநாள் முதல் மலையில் ஆண்டியப்பனின் மனைவி ருக்குமணியின் நிரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிரை ஆளில்லாமல் கிடந்தது. இருபது வருடம் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த நவமணி நான்கு நிரை தள்ளிப் போய்விட்டாள்.

ருக்குமணிக்கு நெஞ்சு நோய் முற்றிக்கொண்டு வந்தது. மறு வருடம் தீமிதிக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். என்னோடு பேசக் கூடாது அல்லவா? கட்டியிருந்த ஆட்டின் பக்கம் திரும்பினாள்.

“ஏ ஆடே, ஒங்க செக்கட்டரிகிட்ட கேட்டுச் சொல்லு. இன்னும் எத்தன நாளு?”

நானும் ஆட்டைப் பார்த்தேன். “பதினெட்டுன்னு சொல்லு.”

“தாங்கிருவேன்லா. தீ மிதிச்சு முடிஞ்சதும் நேரா நவமணி அக்கா வீட்டுக்குப் போவேன். ஒரு வா காப்பி, அவ கையால. அப்பறம் போனாலும் போறேன்.” இருமிவிட்டுச் சிரித்தாள். “ஆடு நல்லாத்தான் கேக்குது. மனுசந்தான் கேக்க மாட்டேங்குறான்.”

காப்புக் கட்டி நான்காம் நாள் காலை அவள் இறந்துபோனாள்.

உடனே கூட்டம் கூடியது. காப்புக் கட்டிய பிறகு லயத்தில் சாவு விழுந்தால் அந்த வருடம் தீமிதி கிடையாது, இது எங்கள் வழக்கம். “ஒதுக்கி வச்ச வீட்டுச் சாவு நமக்கு எப்படித் தீட்டாகும்?” என்று நான் கேட்டுப் பார்த்தேன். பூசாரி சின்னக்கருப்பன், “லயத்துக்குள்ள விழுந்த சாவுப்பா. ஆத்தாவுக்குத் தெரியாதா?” என்றார். காப்பை அவிழ்த்தார்கள், தீமிதி நின்றது.

ஆண்டியப்பன் கோயில் வேலிக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

“பொணத்தத் தூக்க நாலு பேராச்சும் போவட்டுமே” என்றேன்.

செல்லையா கங்காணி கேட்டார்: “புத்தகத்துல என்னா இருக்கு? படி.”

“அடுத்த தீமிதி முடியும் வரை.”

“தீமிதி நடந்துச்சா?”

“இல்ல.”

“அப்பறம்? நீ எழுதுனதுதான?”

பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. அடித்து எழுத எனக்குக் கை வரவில்லை.

பக்கத்து ஊரான கோலா தெர்லாவிலிருந்து ஒரு சீனரின் காய்கறி லோரி வந்தது. அந்த டிரைவரும் சீனரின் காய்கறித் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரும் ஆண்டியப்பனோடு சேர்ந்து அவளைத் தூக்கி ஏற்றினார்கள். லயத்தில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. நவமணி வீட்டுப் படியில் மட்டும் ஒரு குவளைக் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை. லோரி போனது. மத்தியானம் அந்தக் காப்பியை வாசல் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் குவளையைக் கழுவி வைத்தாள்.

பதினாறாம் நாள் காரியத்தையும் தனியாகவே முடித்துவிட்டு, ஆண்டியப்பன் என் வாசலுக்கு வந்தார். ஆட்டின் முன்னால் குந்தினார்.

“ஆடே, அடுத்த தீமிதி எப்பன்னு கேளு.”

“அடுத்த வருசம் சித்திரையில.”

“சரி.” ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். “அதுக்கு முன்னால, காப்புக் கட்டுன நேரமாப் பார்த்து எனக்கு எதாச்சும் ஆயிட்டா, அந்த வருசமும் நின்னுபோயிருமில்ல?”

நான் ஆட்டின் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

“அப்ப செத்தவனுக்கும் தண்டன முடியாது. கேட்டுச் சொல்லு ஆடே, அப்படித்தான எழுதிருக்கு?”

அப்படித்தான் எழுதியிருந்தது. அன்றைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, ஆட்டுக்குப் புல்லை அள்ளிப் போட்டேன்.