ரசமட்டம் ஒட்டிய நீலப் பட்டை

பிக்கப் வண்டியை நானே அழகுபடுத்தப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "ம்" என்றாள். அந்த "ம்"முக்குள் எத்தனை வசவு அடங்கியிருக்கும் என்பது இருபது வருடம் கூட வாழ்ந்த எனக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் பேச்சை ஆரம்பித்தவளே அவள்தான். நான் டைல்ஸ் மேஸ்திரி. மட்டம் பார்க்கிற ரசமட்டக் கட்டை எப்போதும் என் கையில் இருக்கும், அதனால் எனக்கும் 'ரசமட்டம்' என்றே பெயராகிவிட்டது. புதிதாகக் கட்டும் ஒரு ஆஸ்பத்திரியில் எண்பது மீட்டர் நடைவழிக்குத் தரை போட வேண்டும். நடுவில் ஒரு வாசல்படி கிடையாது, ஒரு திருப்பம் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு நூல் பிசகினால் கடைசியில் ஒரு முழம் பிசகும். அப்படிப்பட்ட தரை ஒரு மேஸ்திரிக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைக்கும். எனக்கும் இன்னொரு மேஸ்திரிக்கும்தான் போட்டி. புதன்கிழமை இன்ஜினியரம்மா நேரில் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது.

"அவங்க முதல்ல உங்க வேலையையா பாக்கப் போறாங்க? நீங்க வந்து எறங்குற வண்டியைத்தான் பாப்பாங்க. குப்பை அள்ள வந்த ஆளுன்னு பின்பக்கமா போகச் சொல்லிடப் போறாங்க" என்றாள்.

சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். சாமான்களையெல்லாம் வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு வண்டியை இரண்டு தடவை கழுவினேன். மஞ்சள் பூத்துப்போன முன்விளக்குகளைப் பல் தேய்க்கிற பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன், கண்ணாடியாகிவிட்டது. முன்பக்கக் கிரில்லைச் சுற்றிச் செய்தித்தாள் ஒட்டி, கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். வெளுத்துப்போன பம்பருக்கு எண்ணெய் தடவினேன். என் மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது நீலப் பட்டை. முன்சக்கரத்துக்கு மேலிருந்து பின்தொட்டியின் கடைசி வரைக்கும், இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்தில். என் மனைவியின் தம்பி ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறான். "கொண்டு வாங்க மாமா, ஒரு மணி நேர வேலை" என்றான். பட்டைச் சுருளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஊருக்கே ஒட்டுகிறவன் நான், எனக்கு இவன் ஒட்டித் தருவதா?

ஞாயிற்றுக்கிழமை ஒட்டினேன். வழக்கம்போல வண்டி வாசலில்தான் நின்றது, பின்சக்கரத்துக்கு வழக்கமான கல்லையும் வைத்திருந்தேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, பட்டையை வைத்து, ரப்பர் கரணையால் நீவினேன். ஒவ்வொரு அடிக்கும் மட்டக்கட்டையை வைத்துப் பார்த்தேன். கட்டைக்குள் இருக்கிற காற்றுக் குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது.

ஆனால் கதவுக்குக் குறுக்கே கம்பெனிக்காரனே போட்ட ஒரு மடிப்பு இருந்தது. அதுவும் என் பட்டையும் ஒத்துவரவில்லை. பின்பக்கம் இரண்டும் நெருங்கி இருந்தன, முன்பக்கம் நாலு விரல் விலகிவிட்டன.

"என்னங்க, முன்னாடி எறங்குன மாதிரி இல்ல?" என்றாள் என் மனைவி, துணி காயப்போட்டுக்கொண்டே.

"வண்டி எங்கியோ இடிச்சு உடம்பு முறுக்கிக்கிட்டிருக்கு. நாம வாங்குறதுக்கு முன்னாடி நடந்ததா இருக்கும். பட்டை நேராத்தான் இருக்கு."

இது சமாளிப்பு இல்லை, என் தொழில் பாடம். எந்த வீட்டுச் சுவரும் நேராக இருக்காது. சுவரைப் பார்த்து டைல்ஸ் ஒட்டினவன் கெட்டான், மட்டத்தைப் பார்த்து ஒட்டினவன் பிழைத்தான். தள்ளி நின்று பார்த்தேன். பின்னால் தெரிந்த எங்கள் மதிலின் மேல்விளிம்பும் பட்டையும் ஒரே கோட்டில் ஓடின. அந்த மதிலும் நான் மட்டம் பிடித்துக் கட்டியதுதான்.

திங்கட்கிழமை பெட்ரோல் போடப் போனேன். பெட்ரோல் போடுகிறவர் குனிந்து பார்த்தார். "அண்ணே, முன்டயர்ல காத்து இல்லையா? வண்டி மூக்கைக் குத்திக்கிட்டு நிக்குது."

காற்றைப் பார்த்தேன், நாலு டயரிலும் சரியாக இருந்தது. அங்கிருந்து மச்சான் கடைக்குப் போனேன். அவன் வெளியே வந்தான். ஒரு பக்கம் பார்த்தான், சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிக்காதடா. வண்டிதான் கோணல்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மாமா, வண்டி நேரா இருக்கு. உங்க பட்டைதான் பள்ளத்துல எறங்குது."

எதிர்க் கடையின் கண்ணாடியில் வண்டி முழுதாகத் தெரிந்தது. கண்ணை நம்ப முடியவில்லை. பட்டை முன்பக்கமாகச் சரிந்துதான் கிடந்தது. விட்டேனா அவனை? பக்கத்தில் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசலில் நிறுத்தி, கல்லை வைத்து, மட்டக்கட்டையை எடுத்துவந்து பட்டை மேல் வைத்தேன். குமிழ் நட்ட நடுவில் நின்றது.

மச்சானின் சிரிப்பு அடங்கிவிட்டது. கட்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தான், அப்போதும் நடுவில்தான். "கட்டையைப் பாத்தா நேரு, வண்டியைப் பாத்தா கோணல். ஆளை விடுங்க மாமா, எனக்குத் தலை சுத்துது" என்று நடந்தே கடைக்குப் போய்விட்டான்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன். என் வாசலில் நேராக இருக்கிற ஒரு கோடு, தெருமுனை தாண்டினால் எப்படிச் சாயும்? வெயிலில் ஸ்டிக்கர் இளகுகிறதா? கொஞ்ச நாளாகவே அளவு டேப்பில் எண் பார்க்கக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. வேறெதுவும் எனக்குத் தெரியாது, இந்தக் கண்ணை வைத்துத்தான் சோறு. பயமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க வலக்கண்ணை மூடியும் இடக்கண்ணை மூடியும் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மதில் ஏதாவது பதில் சொல்லுதா?" என்று கேட்டாள் என் மனைவி. எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை சாமான்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்னால் சிமெண்ட் தளம் போட்ட பெரிய முற்றம். இன்ஜினியரம்மா இன்னும் வெளியே வரவில்லை. மனசு கேட்காமல் கட்டையை எடுத்துப் பட்டை மேல் வைத்தேன்.

குமிழ் பின்பக்கமாக ஓடிப் போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

முந்தாநாள் நடுவில் நின்ற குமிழ். அப்படியென்றால் முந்தாநாள் நான் பார்த்தது பொய்யா, இப்போது பார்ப்பது பொய்யா? மச்சானும்தானே பார்த்தான்? இல்லை, என் மனசு நோகக்கூடாது என்று தலையாட்டிவிட்டுப் போனானா? ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார். வண்டியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யார் மேஸ்திரி இதை ஒட்டினது?"

மச்சான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள்ளே வெறும் தரையாகக் கிடந்த நடைவழி, திறந்த கதவு வழியாகக் கடைசி வரைக்கும் தெரிந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"நான்தான் மேடம். எனக்குக் கண்ணு சரியில்லைன்னு தோணுது. நேரு எது, கோணல் எதுன்னு ரெண்டு நாளா தெரியலை. இந்த வேலையை அந்த இன்னொரு மேஸ்திரிக்கே குடுத்துடுங்க."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்திக் கல்லை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். "என்ன ஆச்சு?" என்றாள் என் மனைவி. நடந்ததைச் சொன்னேன், கையை நீட்டி டேப் பார்க்கிற கதையையும் சேர்த்து. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "கண்ணாடி போட்டாப் போச்சு, அதுக்கா மூணு நாளா இந்தப் பாடு?" என்று சொல்லி, வீடு துடைத்த வாளித் தண்ணீரை மதிலோரமாகத் தெருவில் ஊற்றினாள்.

தண்ணீர் முன்சக்கரத்தின் பக்கத்தில் விழுந்தது. ஒரு நொடி யோசித்தது. பிறகு வண்டிக்கு அடியிலேயே ஓடி, பின்சக்கரத்தைத் தாண்டி, நான் வைத்த கல்லில் முட்டி, இரண்டாகப் பிரிந்து கீழே போனது.

நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடமாகத் தினமும் என் கையாலேயே அந்தக் கல்லை வைக்கிறேன். வண்டி பின்னால் உருண்டுவிடக் கூடாது என்றுதான் வைக்கிறேன். அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லும் மகாராசன், என் வாசல் மேட்டில் வண்டியை மூக்கு தூக்கி நிறுத்திவிட்டு, அதன் மேல் பூமிக்கு மட்டம் பிடித்துப் பட்டை ஒட்டியிருக்கிறேன். சமதரைக்குப் போனால் மூக்கு இறங்கும், கூடவே பட்டையும் இறங்கும். கண்ணில் கோளாறு இல்லை, புத்தியில்தான்.

விளங்கவைத்ததும் என் மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சனிக்கிழமை சிரிக்காததையும் சேர்த்துச் சிரித்தாள். "ஆக, நம்ம வாசல்ல நிக்கிற வரைக்கும் நேரா இருக்கும். வெளிய போனாத்தான் கோணல். ஆம்பளைங்க வண்டிதான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து இன்ஜினியரம்மாவைக் கூப்பிட்டேன். கல், தண்ணீர், பட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் போனைப் பொத்திக்கொண்டு அவர் சிரிப்பது கேட்டது.

"கேக்கத்தானே வந்தேன் மேஸ்திரி, வண்டி எங்க நின்னப்ப ஒட்டினீங்கன்னு? நீங்க நிக்கவே இல்லையே. நடைவழியை அவருக்குச் சொல்லிட்டேன். இனி மாத்த முடியாது."

"சரிங்க மேடம்" என்றேன்.

"இருங்க, வைக்காதீங்க. இருபத்தாறு குளியலறை இருக்கு. எல்லாத்துலயும் தண்ணி நிக்காம ஓடணும். தரையைச் சரிச்சு வாட்டம் வைக்க வருமா உங்களுக்கு?"

வெளியே பார்த்தேன். தெரு காய ஆரம்பித்திருந்தது. கல்லை ஒட்டி மட்டும் ஈரம் இருந்தது.

"என் வண்டியைப் பாத்தீங்கல்ல மேடம்?" என்றேன்.