மெதுவாகப் போன லொறி

காடு வெட்டித் திருத்திய யஹ்யாவின் சேனைத் தோட்டத்தில் பலீல் மிளகாய் மூட்டைகளைத் தன் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் மேலே ஏதோ மோதி நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்த மாதம் முழுக்க விமானப்படையின் சின்னப் பயிற்சி விமானங்கள் காலை வேளையில் சோடியாக வந்து நாலந்தாவுக்கு மேலே வட்டமிடும். சேனையில் வேலை செய்கிறவர்கள் அவற்றை நிமிர்ந்து பார்ப்பதைக்கூட விட்டிருந்தார்கள். அன்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒரு விமானத்தின் வால் அறுந்து தனியே சுழன்று விழுந்தது. மற்றதன் இறக்கை முறிந்திருந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளைப் பாரசூட் குடை விரிந்து, காற்றில் இழுபட்டுக் காட்டுப்பக்கம் இறங்கியது. வால் அறுந்ததிலிருந்து குடை எதுவும் விரியவில்லை.

வால் அறுந்த விமானம் அறுவடை முடிந்த வயலில் மூக்குக் குத்திக் கிடந்தது. பலீலும் யஹ்யாவும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அதை ஓட்டிவந்த இளைஞன் சற்றுத் தள்ளி வைக்கோலில் கிடந்தான். மூச்சு இல்லை. யஹ்யாவின் மனைவி ஹமீமா பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஏற்றிய மூட்டைகளை எல்லாம் இறக்கினார்கள். உடலைப் போர்த்தி லொறியில் கிடத்தி, வெயில் படாமல் மேலே தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடினார்கள். யஹ்யா பின்னால் ஏறி அதனருகே உட்கார்ந்துகொண்டார்.

பெரிய தெருவில் ஏறும் முடக்கில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒருவனைத் தாங்கி நடத்தி வந்தார்கள். குடையில் இறங்கியவன். வலது கை முறிந்து தொங்கியது. பலீல் அவனை முன்னால், தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டான். பின்னால் இருப்பதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அவன், அண்ணன் என்ற முறையில் ‘நானா’ போட்டு, சிங்களத்தில் கேட்டுவிட்டான்.

"நானா, மத்த பிளேன் எங்க விழுந்துச்சி? பாத்தீங்களா?"

"இல்ல மாத்தயா. நான் பாக்கல."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் பலீலின் வாயில் வரவில்லை.

"காமினி தப்பிச்சிருப்பான்," என்றான் அவன். "என்னைவிட அவன் கெட்டிக்காரன்."

லொறி மாத்தளையை நோக்கி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனபின் அவன் தானாகவே பேசினான். "நான்தான் பின்னால வந்தேன். கீழ தெருவைப் பாத்தேன். ஒரு பஸ் போச்சி, அதைப் பாத்தேன். நிமிந்தா அவன்ட வால் கண்ணுக்கு முன்னால நிக்கிது."

பலீல் தலையசைத்தான். தெரு அங்கங்கே உடைந்து கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் பிரேக்கை மிதித்து, சக்கரத்தை மெல்ல இறக்கி ஏற்றினான். இறந்தவரின் ஜனாஸாவைத் தோளில் சுமக்கும்போது குலுங்காமல் நடந்து பழகியவன் அவன். ஆக்ஸிலேட்டரைக் காலால் அதற்கு மேல் அழுத்த முடியவில்லை.

"ஏன் இவ்வளவு மெதுவா போறீங்க? என் கைக்காகவா? நான் தாங்குவேன் நானா. வேகமா விடுங்க. நாம போய்ச் சொன்னாத்தானே அவனைத் தேட ஆள் அனுப்புவாங்க. எங்கயாவது மரத்துல மாட்டிக்கிட்டு இருப்பான்."

அலுவிகாரை வரப்போகிறது. அதைத் தாண்டினால் டவுன், ஆஸ்பத்திரி, சனம். அங்கே யாரோ ஒருவர் படங்கை இழுக்கும்போது இவன் பார்க்க வேண்டியிருக்கும். பலீல் லொறியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினான்.

"மாத்தயா, தேட வேண்டியதில்ல."

அவன் பலீலைப் பார்த்தான். பிறகு திரும்பி, முதுகுக்குப் பின்னால் லொறித்தட்டை மறைத்திருந்த பலகையைப் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கி, லொறியின் பின்பக்கம் போனான். யஹ்யா கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"முகத்தைப் பாக்கலாமா?"

"பாருங்க மகன். முகத்துல ஒன்னும் இல்ல," என்று யஹ்யா துணியை விலக்கினார்.

அவன் நெடுநேரம் பார்த்தான். தலைமயிரில் ஒட்டியிருந்த வைக்கோலை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்தான். பிறகு பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "போவோம் நானா," என்றான். முன்னால் வர மறுத்துவிட்டான்.

சில வாரங்கள் கழித்து விசாரணைக்காக விமானப்படை அதிகாரி ஒருவர் பலீலைத் தேடி மாத்தளையில் அவன் வீட்டுக்கு வந்தார். வழியில் அந்தப் பையன் என்ன பேசினான் என்று கேட்டார்.

"ஒன்னும் பேசல. வலியில இருந்தாரு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அவரே எல்லாத்தையும் சொல்லிட்டாரு நானா. பஸ்ஸைப் பாத்ததையும் சொன்னாரு. நீங்க லொறிய நிப்பாட்டினதையும் சொன்னாரு."

பலீல் தலை குனிந்துகொண்டான். பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னான். முடிவில், "கை சுகமாச்சா?" என்று கேட்டான்.

"கை சுகம். ஆனா இனிப் பறக்க மாட்டேன்னுட்டாரு. காமினியோட அம்மாகிட்ட நடந்ததைத் தானே போய்ச் சொல்லணும்னு கேட்டு, கைக்கட்டோட போயிட்டு வந்தாரு."

அன்று பின்னேரம் யஹ்யாவின் சேனைக்குப் போனபோது பலீல் இதைச் சொன்னான். யஹ்யா மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அந்தத் தாய் என்ன சொன்னாங்களாம் தம்பி?"

"அதைக் கேக்க எனக்கு வாய் வரல நானா," என்றான் பலீல்.